இண்டைக்குப் பின்னேரம் என்ன பிளான்

டிப்போச் சந்திக்கு அங்கால, ரயர்க் கடைக்கு மேல்மாடி.
சனிக்கிழமை.
பதினெட்டு வருசம் லா கூர்னேவில் கோப்பை கழுவிவிட்டு
கிளிநொச்சிக்கே திரும்பி வந்த அமலதாஸ் மாஸ்டர்
பலகையில் எழுதுகிறார்:
ஒன் ஃபெ குவா ஸ சுவார்?

“சிநேகிதரிட்ட இப்பிடித்தான் கேக்கோணும்.
புத்தகத்தில கிடக்கிற மாதிரிக் கேட்டியளெண்டால்
விசாரணைக்கு வந்த ஆள் எண்டு நினைப்பாங்கள்.”

‘து’ எண்டால் நீ. ‘வூ’ எண்டால் நீங்கள்.
இதை உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை என்று
தாண்டிப்போனவரை
நிதர்சனா கை உயர்த்தி மறித்தாள்.
“அப்ப நீர், சேர்?”

அவளைக் கட்டப்போகிறவன் ரெலிபோனில்
“சாப்பிட்டீரோ” என்றுதான் தொடங்குவான்.
மாஸ்டர் கையிலிருந்த சோக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
“நீர் அங்க இல்லைப் பிள்ளை.
ரெண்டில ஒண்டுக்குள்ள அடக்கோணும்.”

பிறகு பயிற்சி. பக்கத்தில் இருப்பவரைக் கேள்.
புத்தகத்து ஆட்கள் படத்துக்குப் போகிறார்கள்,
ஆற்றங்கரையில் இருந்து சீஸ் தின்கிறார்கள்.
எனக்கு ஐந்தேகால் பஸ், விட்டால்
முறிகண்டிக்கு ஓட்டோக் காசு யார் தருவது.
யாழ்மொழிக்கு கார்மென்ற்ஸில் இரவு ஷிப்ற்,
நாற்பது கழுத்துப்பட்டி ஒரு மணித்தியாலத்துக்கு.
றொசாந்த் எழும்பி நின்றான்.
ஒலுமடுவில் ஒன்றரை ஏக்கர், நெல் குடலையில் நிற்கிறது.
யானைவெடிக்குப் பிரெஞ்சு கேட்டான்.
மாஸ்டரிடம் இருக்கவில்லை.

“ஸ சுவார், முவா எ லெ ஸெலெஃபோன்.”
இண்டைக்கு இரவு, நானும் யானையளும்.

ரயர்க் கடைக்காரர் கீழிருந்து கத்திக் கேட்டார்
என்ன மேல சிரிப்பு என்று.

கடைசியாக இன்னொரு வசனம்:
தெ லீப்ர் ஸ சுவார்?
“லீப்ர் எண்டால் வேலை இல்லாமல் இருக்கிறது. சும்மா.
அதே சொல்லுத்தான்
விடுதலைக்கும்.”
சொல்லிவிட்டு, திரும்பி, பலகையை அழித்தார்.
ஈரத்துணியால் ஒருக்கா. பிறகும் ஒருக்கா.
ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.
நான் கொப்பியில் முதல் கருத்தை மட்டும் எழுதினேன்.

ஆனால் பஸ் ஸ்ராண்டில்
கச்சான் சுருளைப் பங்குபோட்டபடி
அதையேதான் மாறிமாறிக் கேட்டோம்.
தெ லீப்ர்? இல்லை.
து? இல்லை.
நாலு பேரும் இல்லை, நாலு பேரும் சிரிப்பு,
கொண்டக்ரர் கதவில் தட்டும்வரைக்கும்.

நிதர்சனா இரண்டாம் முறை சோதினை பாஸ்.
கார்த்திகை மழையில் போனாள்.

தையில் ஒரு நாள், இங்கே இரவு ஏழு,
எங்கள் குறூப்பில் தமிழ் எழுத்தில் வந்து விழுகிறது:
ஒன் ஃபெ குவா ஸ சுவார்?
அவளுக்கு அப்போது மத்தியானம் இரண்டரை.
பின்னேரமே வரவில்லை அங்கே.

யாழ்மொழி: கழுத்துப்பட்டி.
நான்: கறன்ற் இல்லை, நுளம்பு.
றொசாந்த் குரலாய் அனுப்பினான், பன்னிரண்டு செக்கன்.
தவளை. தவளை. தூரத்தில் யாரோ “ஹோய்” என்பது.
பிறகு வெடி.

அவள் போனை உரக்க வைத்திருந்திருக்கிறாள்.
மூன்றாம் மாடியில், ஆளில்லாத வீட்டில், முழுச் சத்தமாய்.
தான் பயப்பிடேல்லையாம்.
பக்கத்துக் கதவுக்காரிதான் ஓடிவந்து தட்டினாளாம்,
தலையில் சாயம் பூசின பாதியில்.
இரண்டு மாதமாய் ‘பொன்ஜூர்’ மட்டும் சொன்ன மனுசி.
யானை என்று விளங்கப்படுத்தக்
கால் மணித்தியாலம் எடுத்ததாம்.
சாயம் சட்டையில் வடிந்துபோச்சாம்.
போகும்போது, இண்டைக்குப் பின்னேரம்
என்ன செய்யப்போறாய் என்று கேட்டாளாம்.

“து போட்டோ, வூ போட்டோ?”
யாழ்மொழிக்கு அதுதான் தெரியவேணும்.

எழுதுகிறாள். நிற்கிறது. திரும்ப எழுதுகிறாள்.

“வாயால வூ எண்டுதான் வந்தது.
ஆனா எனக்கு நீர் மாதிரிக் கேட்டது.”

றொசாந்த் ஒன்றும் போடவில்லை.
ஒற்றைச் சரிதான் விழுந்திருக்கிறது அவனுக்கு;
வரம்பில் சிக்னல் இல்லை,
அல்லது அதுகள் வந்திட்டுது.