கூட்டினால் எட்டு

புதுவயல் முக்கில் நைனா முகமது கடை.
கண்ணாடிக்கு அடியில் எண்கள்
மீனைக் கூறு போட்ட மாதிரி.
ஐயாயிரம் கூறு, மூவாயிரம் கூறு,
ஓரத்தில் சீந்துவாரில்லாத ஓசிக் கூறு.

எனக்கு ஏற்கெனவே ஒரு நம்பர் இருக்கிறது.
மகள் பள்ளிக்கூடம், குழுக்கடன் மேடம்,
கம்பி வாடகைக்காரர் எல்லாரும் அதில்தான்.
நியூஜெர்சியில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும்
இங்கே ராத்திரி பதினொன்றுக்கு
கண்டனூர் வீட்டு ஒழுகலைப் பற்றிப் பேசுகிறவரும்
அதில்தான்.

"காண்ட்ராக்டர்கிட்ட குடும்மா."
"நான்தான் காண்ட்ராக்டர்."
அப்புறம் ஒரு மௌனம் வரும்.
அதற்கும் நிமிடக் கணக்கு ஓடும்.

ஆகவே இரண்டாவது சிம்.
பகல் முழுக்கத் தொழிலுக்கு,
இரவு எட்டுக்கு மேல் ஊமை.

பிளம்பர் அடைக்கலம் சொன்னான்:
"ஒரே நம்பர் நாலு வாட்டி வரணும்க்கா. பேன்சி."
கம்பி வாடகைக்காரர் சொன்னார்:
கூட்டினால் ஆறு வரட்டும், ஆறு வீடு கட்டும்.
எட்டு மட்டும் வேண்டாம், சனி.

என் பரீட்சை வேறு.
பள்ளத்தூரில் தண்ணீர்த் தொட்டி உச்சியில் நின்றேன்.
கீழே கலவை மிஷின். நிறுத்தச் சொல்லவில்லை.
நான் மேலேயிருந்து கத்த
ராக்காயி சிமெண்டுச் சாக்கில் கரித்துண்டால் எழுதினாள்.

ஐயாயிரம் ரூபாய் நம்பரில்
டபுள் ஒன்பது ஒற்றையாய்ப் போய்ச் சேர்ந்தது.
மூவாயிரத்தில் இருந்த ஏழு
பாதி வழியில் எட்டாகி விழுந்தது.
ஓசிக் கூறில் ஒன்று,
கடைசியில் நாப்பத்திநாலு, சைபர் நாலு.
கரண்டி தட்டுகிற சத்தம் மாதிரி
ரெண்டு தட்டு, ஒரு மூச்சு, ஒரு தட்டு.
சிந்தாமல் இறங்கியது.

அன்றிரவு பத்தையும் கூட்டினேன்.
நாற்பத்திநாலு.
நாலும் நாலும்,
அதேதான்.

கம்பி வாடகைக்காரர் தலையில் கை வைத்தார்.
நைனா முகமது கொஞ்சம் தயங்கினான்:
"இது யாரோ விட்டுட்டுப் போன நம்பருக்கா, பரவாயில்லையா?"
வளைந்த கம்பியை நிமிர்த்திப் போட்டு
எத்தனை லிண்டல் நிற்கிறது இந்த ஊரில்.
குடு என்றேன்.
எட்டு என்றால் எட்டு.
மேலேயிருந்து கத்தினால் கீழே எட்டுகிறது, போதும்.

கானாடுகாத்தான் ரோட்டுச் சுவரில் பெயிண்டர்
எழுத்துக்கு முப்பது ரூபாய் கேட்டான்.
"சைபருக்குமா?"
"அதுக்குத்தாங்கா கை சுத்தணும்."
பேரைச் சுருக்கப் பார்த்தான், விடவில்லை.
பஞ்சவர்ணம், கட்டட ஒப்பந்தம்.
அழுத்துவதற்கு முன்னால் தெரிந்துகொள்ளட்டும்,
மௌனத்தை அவரவர் வீட்டிலேயே முடித்துவிட்டு வரட்டும்.

ஐப்பசி.
எட்டு மணிக்கு அதை அணைத்தேன்.
பத்தேகாலுக்கு மழை பிடித்தது.
படுத்தபடியே ஊர் ஊராய் ஒழுகினேன்:
கொத்தமங்கலத்தில் பின்கட்டு மூலை,
பள்ளத்தூரில் பம்பு அறை,
கண்டனூரில் எங்கே என்று கேட்கவே வேண்டாம்.
இதில் ஒன்றுகூட நான் போட்ட தளம் இல்லை.
ஒன்று இருக்கிறது.
எது என்று சொல்ல மாட்டேன்.

பதினொன்று வரை தாக்குப்பிடித்தேன்.
சிம்மைத் திறந்தால்
பதினான்கு தவறிய அழைப்புகள், என்று குறுஞ்செய்தி.
அதில் பன்னிரண்டு ஒரே ஆள்.

கூப்பிட்டேன்.
நான் வாய் திறப்பதற்குள்
"பன்னீரண்ணே, செப்டிக் டேங்க் பொங்கிருச்சு,
லாரி எப்பண்ணே வரும்?"

இந்த எண்ணை விட்டுப்போனவர் யார் என்று
அப்போதுதான் தெரிந்தது.
ராங் நம்பர் என்று சொல்ல
நாக்கு நுனிவரை வந்தது.

மழை இன்னும் விடவில்லை.
மழைக்குத் தொட்டி பொங்குகிறது என்றால்
தண்ணீர் எங்கோ புகுகிறது.
மூடியிலோ சுவரிலோ
ஒரு விரிசல் இருக்க வேண்டும்.

"பன்னீர் இல்லைங்க, பஞ்சவர்ணம்.
தொட்டி கட்டி எத்தனை வருசமாச்சு?"

அந்தப் பக்கம் அதே மௌனம்.
இந்த முறை நான் காத்திருந்தேன்.

பிறகு கேட்டேன்:
"எந்த ஊரு?"