காகிதம் சிக்கும் இடங்கள்

டர்பன் வட்டாரத்தில் இருபத்துமூன்று கல்லூரிகளின்
பின்வாசல் எனக்குத் தெரியும்.
முன்வாசலில் பட்டமளிப்பு அன்று படம் எடுக்கிறார்கள்.
நான் சரக்கு லிஃப்டில் வருகிறவள்,
ஒரு கையில் டோனர், ஒரு கையில் திருப்புளிப் பெட்டி.
சட்டைப்பைக்கு மேல் கோகி மூட்லி என்று தைத்திருக்கும்.
யாரும் அதைப் படித்ததில்லை,
படிப்பதற்கென்றே கட்டிய கட்டடங்களில்.

பெரியா மேட்டில் வெள்ளைக் குவிமாடம்.
அங்கே பொறியியல் துறையில் ஒரு பேராசிரியர்
ரூய்போஸ் கோப்பையை வினாத்தாள் கட்டின் மேலேயே வைப்பார்.
அவர் மேசைக்கடியில் நான் வயரைத் தேடினால்
காலைக் கொஞ்சம் நகர்த்துவார்.
நன்றி சொல்வதும் அவ்வளவுதான்.

வெஸ்ட்வில்லில் ஜன்னலைச் சாத்த மறந்தால்
தட்டில் இருப்பதெல்லாம் குரங்குக்கு.
ஒருநாள் மருந்தியல் பாடம் முழுக்க மரத்தில் தொங்கியது.
கீழே நின்று பிள்ளைகள் பக்க எண்களைக் கத்தினார்கள்,
ஜூலுவில், ஆங்கிலத்தில், வகுப்பு நின்ற சந்தோஷத்தில்.

செவிலியர் கல்லூரி இயந்திரத்தில் தூசியே இருக்காது;
எனக்கே என் கை அழுக்காகத் தெரியும்.

பழைய கிரே தெருவில் சேலைக்கடை மாடியில்
ஒரு சர்வதேசக் கல்லூரி.
பெயர்ப்பலகை மாடிப்படியைவிட நீளம்.
இரண்டு அறை, ஒரு மின்விசிறி, ஒன்பது டிப்ளமோ.
மார்ச்சில் போனேன், பூட்டு.
படியில் ஒருத்தி, ஃபைலை மார்போடு அணைத்தபடி,
"நீங்கதான் ஆபீஸா?" என்றாள்.
இல்லை என்று சொல்ல
எனக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆனது?

சாட்ஸ்வர்த்தில் கார் ஷெட்டில் நடக்கிறது வேதக் கல்லூரி.
உலகத்தைப் படைத்த பாடத்தை நகலெடுத்தார்கள்,
நாலாம் நாளிலேயே டோனர் தீர்ந்துவிட்டது.
பாஸ்டர் என்னை அவசரப்படுத்தவில்லை.
அங்கே மட்டும் டீயும் பிஸ்கட்டும் உண்டு.

துறைமுகத்துக்கு நடுவே ஒரு தீவிலும் கல்லூரி இருந்தது,
இந்தியருக்கென்று ஒதுக்கியது. என் மாமனார்
தினம் படகில் போய் ரசாயனம் படித்தார்.
வெள்ளைத் தோலுக்கு மேடு, கறுப்புக்குத் தொலைவு,
நமக்குத் தண்ணீர் என்பார்.
இப்போது அது கடற்படைக்கு.
அங்கிருந்து எனக்கு அழைப்பு வந்ததில்லை.

சிக்கிய தாளை உருவும்போது கண் தானாகப் படிக்கும்.
அப்படித்தான் பார்த்தேன், மேட்டில்,
ஒரு கம்பிச்சுருளின் படத்தைச் சுற்றி
கோப்பையின் அடி விட்ட வட்டம்.
சிவப்புக் கறை, நகலில் கறுப்பு.
நாலு மாதம் கழித்து வார்விக் சந்தைக்குப் பக்கத்தில்,
சுட்ட சோளம் மணக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில்,
உருளைக்கடியில் அதே சுருள்.
வட்டத்தில் முக்கால்தான் மிச்சம்.
யார் யாருக்குக் கொடுத்தார்களோ,
நகலின் நகலின் நகல்.

பிறகு உம்லாசி.
மின்வெட்டு நேரம். தன் போனில் விளக்கடித்துக்கொண்டு
எம்தோகோசிசி பக்கத்தில் குந்தினான், இரண்டாம் ஆண்டு மின்னியல்.
எனக்கு முன்னால் அவன் கண்டுபிடித்தான் உடைந்த பல்சக்கரத்தை.
கசங்கி வந்த தாளை அவனே நீவினான்.
சுருள். ஓரத்தில்
புள்ளி புள்ளியாக ஒரு பிறை.

நான் சிரித்துவிட்டேன்.
மனு எழுதாமல், கட்டணம் கட்டாமல்,
எந்தத் தோல் என்று யாரும் கேட்காமல்
மூன்று வாசல் தாண்டியிருக்கிறது ஒரு டீக்கறை.

"இதுவா?" என்றான் அவன், பிறையைத் தொட்டு.
"போன பரீட்சையில் வந்தது.
காந்தப்புலம் என்று பெயர் குறித்தேன்.
ஒரு மார்க் போட்டார்கள்."

கரண்ட் வந்தது. இயந்திரம் முனகிச் சூடானது.
கண்ணாடியைத் துடைத்தேன்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் லேசாக.