குளம் இறைத்த வாரம்

முப்பது வருஷத்துக்கு ஒருமுறை
பூங்காக் குளத்தை இறைப்பார்கள்.
இந்தத் தடவை மதகுச்சாவி என் கையில்.

திங்களன்று திறந்தோம்.
வாத்துகள் கரையேறி நின்று
நகராட்சியை வாய்க்கு வந்தபடி திட்டின.
புதனன்று நடுத்தீவுக்கு நடந்தே போக முடிந்தது.
வியாழனன்று ஊரே வந்துவிட்டது,
கால்பந்துக்குப் போவதுபோல் மப்ளர் சுற்றிக்கொண்டு.

கிடைப்பதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்லியிருந்தார்கள்.
எழுதினேன்.
கடைத் தள்ளுவண்டி ஏழு.
பல்செட், மேல்வரிசை மட்டும்.
இசைமேடையிலிருந்து என்றோ காணாமல்போன டிராம்போன்,
உள்ளே நத்தைகள்.
பழைய மேயர் ஒருவரின் பளிங்குத் தலை;
மூக்கு பத்திரம்.
கல்யாண மோதிரம் ஒன்று.

மோதிரத்துக்கு மூன்று பெண்கள் வந்தார்கள்.
யார் விரலுக்கும் சேரவில்லை.
மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து
ஒரே ஃபிளாஸ்கிலிருந்து டீ குடித்துவிட்டுப்
பேசிக்கொண்டே போனார்கள்.

இந்தக் குளம் தானாக வந்ததில்லை.
அமெரிக்காவில் போர். பஞ்சு வரவில்லை.
லங்காஷயர் முழுக்கத் தறி நின்ற காலத்தில்
நெசவாளிகளிடம் மண்வெட்டியைக் கொடுத்து
வெட்டு, கூலி தருகிறோம் என்றார்கள்.
அறுந்த இழையைக் கண் மூடி முடிந்த விரல்கள்
முதல் வாரமே கொப்புளித்திருக்கும்.
வெட்டிய மண்ணில் மேடு, மேட்டில் ரோஜா,
சுற்றி வளைந்து வளைந்து போகும் பாதை.
வளைவு, வரைந்தவரின் ரசனை என்கிறது வாசல் பலகை.
நேராகப் போட்டிருந்தால்
வேலை சீக்கிரம் முடியும், கூலியும் முடியும்,
அதனால்தான் வளைவு என்கிறான் இர்ஷாத்.
அவன் அப்பா இங்கே கடைசியாக மூடிய மில்லில்
இரவு ஷிப்டு பார்த்தவர்.
நான் இர்ஷாத் கட்சி.

வெள்ளியன்று ஒரு மண்வெட்டி வந்தது.
பேச்சு நின்றது. ஒருவர் தொப்பியைக்கூட எடுத்தார்.
மியூசியத்து ஹொதர்சல் அம்மாள் துடைத்துப் பார்த்து,
"ஷெஃபீல்டு, எண்பத்தொன்று" என்றார்.
எங்கள் ஸ்டோரிலிருந்து போனதுதான்.

எல்லா நாளும் ஒருவர் நின்றார்.
கிளெமென்ட் எண்ட்விசில், ஓய்வுபெற்ற தபால்காரர்.
சேற்றிலிருந்து எது மேலே வந்தாலும்
கழுத்தை நீட்டுவார், பிறகு மூச்சு விடுவார்.
என்ன தேடுகிறீர்கள் என்றேன்.
"தேடவில்லை.
வந்துவிடக் கூடாதே என்று நிற்கிறேன்."

சனிக்கிழமை, இருட்டும் நேரம்,
என் பூட்ஸ் நுனியில் ஒரு பித்தளைக் கொக்கி.
அதில் விரல்நீளத் தோல்வார்.
தோளில் மாட்டும் பைக்கு இருக்குமே, அந்த மாதிரி.
நிமிர்ந்தேன்.
அவர் கொக்கியைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்தத் தெருவுக்கு எது போய்ச் சேரவில்லையோ.
யார் யாருக்காகக் காத்திருந்து
வேறு யாரைக் கட்டிக்கொண்டார்களோ.
எனக்குத் தெரியாது.
குதிகாலை வைத்து அழுத்தினேன்.
சேறு ஒரு சத்தம் போட்டது.

தண்ணீர் நிறைய ஒன்பது நாள் ஆனது.
வாத்துகள் இரண்டு நாள் நம்பவில்லை.
பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்;
இவ்வளவுதானா என்றார் அதிகாரி.
தள்ளுவண்டி எட்டு என்று திருத்தினேன்.
ஒன்று தீவுக்குப் பின்னால் கிடந்தது,
மறந்துபோயிருந்தேன்.