நாடுகாணிச் சாவடி, இரவுப் பணி

வழிக்கடவிலிருந்து ஏறும் பேருந்தின் விளக்கு
கீழ்வளைவில் ஒருமுறை தெரியும்.
பிறகு பனி விழுங்கிவிடும்.
அது மறுபடி முளைப்பதற்குள்
மருந்தைக் கரைத்து
தெளிப்பானை முதுகில் ஏற்றிவிடுவேன்.
முன்சக்கரம். பின்சக்கரம். படிக்கட்டு.
"இதுல கோழி இல்ல சேட்டா"
என்று சொல்லாத டிரைவர் இல்லை.
கோழி இல்லாத வண்டியும்
கோழிச்சந்தைச் சேற்றை மிதித்திருக்கலாம் என்று
நான் சொல்லாத இரவும் இல்லை.

போன வியாழன்
சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு காகம் செத்துக் கிடந்தது.
பிள்ளைகள் குச்சியோடு வந்தார்கள்.
தொடாதே, தள்ளிப் போ என்று
இரண்டு மணிநேரம் அதற்குக் காவல் நின்றேன்,
யாருக்கும் நான் அப்படி நின்றதில்லை.
கூடலூரிலிருந்து டாக்டர் வந்தார்,
தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு,
ஐஸ் பெட்டியில் அதை வைத்து மூடினார்.
எங்கள் ஊரிலிருந்து போபால் பார்த்த முதல் ஆள்
அந்தக் காகம்தான்.
முடிவு வந்தது: நோய் இல்லை.
மின்கம்பியாக இருக்கலாம் என்றார்கள்.
அதற்குள் குஞ்ஞாலி கடையில்
ஆஃப்பாயில் கேட்பவர்கள் குறைந்துபோனார்கள்.
நான் கேட்டால் அவரே முறைப்பார்.
மஞ்சள் கரு கல்லாகும்வரை வேகவைத்து
மிளகைக் கொட்டி நீட்டுவார்,
தண்டனை மாதிரி.

வீட்டில் பதினொரு கோழிகள்.
வண்டி வண்டியாய்ப் பார்க்கும் இந்தக் காலோடு
அவற்றின் பக்கம் போகக்கூடாது.
சட்டம் டாக்டருடையது,
அமல்படுத்துவது என் மனைவி பிரேமாவதி.
பூட்ஸ் வாசலுக்கு வெளியே, சட்டை வாளியில்,
சோப்பு, பிறகுதான் டீ.
கூட்டுக்கென்று தனியாக
ஒரு ஜோடி நீலச் செருப்பு, அவள் அளவில்.
கொய்யா மரத்தில் கொத்தவரும் பறவை
தீவனத்தில் வாய் வைக்காதிருக்க
மேலே பழைய கொசுவலை.
பத்தொன்பது நாளாக
நான் ஜன்னல் வழியாகத்தான் எண்ணுகிறேன்.
நேற்று பத்துதான் வந்தது.
கத்தினேன்.
"அது முட்டைல உக்காந்திருக்கு,
நீங்க தூங்குங்க" என்றாள்.

இன்று கடைசிப் பேருந்தில்
மூன்றாவது சீட்டில் ஒரு ஸ்கூல் பை கேவியது.
கண்டக்டர் கூரையைப் பார்த்தார்.
பையை மடியில் வைத்திருந்தவள் பெயர் தவமலர்,
சேரம்பாடி போகிறாள்,
மகளுக்குப் பச்சை உடம்பு,
பிள்ளை பிறந்து ஆறு நாள்,
நிலம்பூர் ரப்பர் தோட்டத்தில் கூலியோடு கேட்டு வாங்கிய
நாட்டுக்கோழி.
"உயிர்க்கோழி தாண்டக்கூடாதுக்கா."
"சக்கரத்துக்கு அடிச்சதை
இதுக்கும் கொஞ்சம் அடிச்சு விடுங்களேன்."
சிரித்திருக்க வேண்டும் யாராவது.
யாரும் சிரிக்கவில்லை.
"வெளியில இருந்தா அடிச்சிரலாம்.
உள்ள, மூச்சுல இருந்தா?
பச்சைக்குழந்தை இருக்கிற வீடு, சொல்லு."
அவள் ஒன்றும் சொல்லாமல் இறங்கினாள்.
பேருந்து அவளை விட்டுவிட்டுப் போனது.

கீழே போகும் வண்டிக்கு நாற்பது நிமிடம்.
கட்டைக்கு அந்தப்புறம் அவள்,
இந்தப்புறம் நான்.
குழாயடியில் கை கழுவச் சொன்னேன்,
முழங்கைவரை கழுவினாள்,
என்மேல் இருந்த கோபத்தையெல்லாம்
சோப்பில் தேய்த்து.
வாடகைக்கு இருந்த தோட்டத்துக்காரரிடம்
திருப்பிக் கொடுத்துவிடுவாளாம்,
"பருப்பு ரசம் வச்சுக் கொடுக்கிறேன், போங்க"
என்றாள், என்னிடமா பனியிடமா தெரியவில்லை.
பையின் ஜிப் விலகி
செங்கொண்டைத் தலை ஒன்று வெளியே வந்து
ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது.
முகக்கவசத்துக்குள்ளே
பா பா என்று சொல்லப் பார்த்தேன்.
எட்ட நின்றேன்.

லாரி டிரைவர் யாரும் ஏற்றவில்லை,
வண்டி வந்தது, போனாள்.
அவள் நின்ற இடத்தில்
ஒரு துளி எச்சம், வெள்ளையும் கறுப்புமாய்.
அதன்மேல் பிளீச்சிங் பவுடர் தூவி
கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.
கீழ்வளைவில்
விளக்கு.