இருவருக்கான கூப்பன்

வாஷிங் மெஷின் வாங்கிய கடையில்
குலுக்கலில் விழுந்தது.
ஓர் இரவு, இருவருக்கு, காலை உணவு உட்பட.
மாதேஷ் இரண்டு முறை படித்துவிட்டு
'நீ போய்ட்டு வா' என்றான்.
அப்பாவை யார் பார்ப்பது என்று
நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
ஆட்டோ கிளம்பும்போது மட்டும்
'சோப்பு கொடுத்தா எடுத்துட்டு வா.'

வரவேற்பில் நின்ற பெண்
ஆதார் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.
பாகலூர் சாலை, ஓசூர்.
இங்கிருந்து கூப்பிடு தூரம்.
ஏன் என்று வாய்வரை வந்ததை
எலுமிச்சை வாசமடிக்கும் சின்ன கிளாஸாக மாற்றி
என்னிடம் நீட்டினாள்.
'வெல்கம் மிஸஸ் நாகவேணி.'
கம்பெனியில் நான் லைன் மூன்று.
வீட்டில் ஏம்மா.
முழுப்பெயர் கேட்டதும்
யாரையோ அழைக்கிறார்கள் என்று
திரும்பிப் பார்த்தேன்.

பையைத் தூக்க வந்த பையனிடம்
தர மாட்டேன் என்றேன்; உள்ளே
ஒரு நைட்டியும் கொஞ்சம் வேர்க்கடலையும்தான்.
அவன் முகம் சுருங்கியதால் கொடுத்தேன்.
ஆறாவது மாடி வரை லிப்டில் அதைக்
கண்ணாடிச் சாமான் போல ஏந்தி நின்றான்.

கட்டிலின் நடுவில்
துண்டில் மடித்த இரண்டு அன்னங்கள்,
மூக்கோடு மூக்கு.
குளிக்க வேண்டும், எதைப் பிரிப்பது?
வெந்நீர் வந்துகொண்டே இருந்தது,
நான்தான் நிறுத்தினேன்.
துப்பட்டாவில் துவட்டிக்கொண்டு
அன்னங்களை ஜன்னலோரம் நகர்த்தினேன்,
ஜோடி கலையாமல்.

போன் அடித்தது.
'எல்லாம் சவுகரியமா மேடம்?'
சவுகரியம் என்றேன்.
வைத்தபின்தான் தெரிந்தது
அந்தக் கேள்விக்கு என்னிடம்
இன்னும் நீளமான பதில் இருந்தது.

இரண்டு மணிக்கு விழித்தேன், அலாரம் இல்லாமல்.
மாமனாரைப் புரட்டும் நேரம்.
இடப்பக்கமிருந்து வலப்பக்கம்,
முதுகில் பவுடர், விரிப்பு மாற்றி
ஒரு மூடி தண்ணீர்.
மூன்று வருடமாக அந்த மணி
என் எலும்புக்குள் அடிக்கிறது.

திரையை விலக்கினேன்.
மலைக்கோயில் விளக்குகள்.
பெங்களூர் பக்கம் ஊர்ந்துபோகும் லாரிகள்.
செல்போன் டவரின் சிவப்புப் பொட்டு,
அதற்குக் கீழே வலப்புறம் எங்கள் தெரு.
இருட்டு.
கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றேன்.
எழுந்திரு மாதேஷ்.
ஒரு ஜன்னல் எரிந்தது.
எங்கள் சமையலறைதான். ஆமாம், அதேதான்.
நான்கு நிமிடம். ஐந்து.
யாரோ புரட்டுகிறார்கள், யாரோ பவுடர் போடுகிறார்கள்,
அந்த யாரோ நான் இல்லை.
அணைந்தது.
பிறகு தூங்கினேன் பாருங்கள்,
கயிறு அறுந்த வாளி
கிணற்றுக்குள் போகிற மாதிரி.

காலையில் போர்வையை உதறி
மூலை பிடித்து மடித்து
தலையணையைத் தட்டி வைத்திருந்தேன்.
லகுமம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
'ஏன்க்கா, எப்படியும் நான் உருவணுமே'
என்று ஒரே இழுப்பில் கலைத்துப் போட்டாள்.
தளியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறாளாம்.
அன்னம் அவள் கைவேலை,
குழந்தைகள் வந்தால் யானை.
நனையாத துண்டுகளைப் பார்த்தாள்,
என் ஈரத் துப்பட்டாவையும் பார்த்தாள்.
ஒரு சோப்பு கேட்டேன்,
நான்கு தந்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன்:
'ரெண்டு மணிக்கு டாண்ணு எழுந்துட்டே போல.'
சோப்பை முகர்ந்துகொண்டே
தலையைச் சொறிந்தான் மாதேஷ்.
'நாலரை ஆயிடுச்சு. அசந்துட்டேன்.
அப்பா ஒண்ணும் சொல்லல.'

உள்ளே போய் மாமனாரின் முதுகைப் பார்த்தேன்.
சிவக்கவில்லை.
பவுடர் டப்பாவோடு நின்றேன்.
அப்படியானால்
அந்த ஜன்னல் யாருடையது?
அந்நேரத்துக்கு எழுந்து
யார் யாரைப் புரட்டிப் படுக்க வைத்தார்கள்,
நான் தூங்குவதற்கு?