மாடிக்குப் பூத்தது

குரோனிங்கனில், வாசல் நடைபாதையில்
இரண்டு கல் பெயர்த்தாள் வீட்ஸ்கே.
அடியில் மணல், ஒரு சைக்கிள் மணியின் மூடி.
இரவெல்லாம் வாளித் தண்ணீரில் கிடந்த
வெற்றுவேர் ரோஜாவை
நவம்பர் மழையில் நட்டாள்.

மூன்றாம் ஜூனில் பூத்தது.
எல்லாம் மேலே,
இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்கும்
யெல்மரின் மூடிய திரைக்கு.
இவளுக்கு முள். உதிர்ந்தபின் இதழ்.

நெட்டுக்குத்தாக விட்டால் நுனிதான் பூக்கும்,
படுக்கவைத்துக் கட்டவும்:
வேரோடு வந்த சீட்டிலேயே இருந்தது.

பிப்ரவரியில் அவன் சன்னலிலிருந்து
கயிற்றில் கொடியை இறக்கினான்,
தூக்கம் கலையாத முகத்தோடு.
இவள் பழைய காலுறையால் கம்பியில் கட்டினாள்.
ஒன்று முறிந்தது.
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஜூனில் சமையலறைச் சன்னலெங்கும் சிவப்பு.
மேலே திரை விலகுகிறது.
எட்டிப் பார்த்துக் கேட்கிறான்,
"எனக்கு ஒன்றுகூட இல்லையா?"