குதிரைக்கு ஒருத்தரும் தண்ணி வைக்கேல்லை

குறிகட்டுவானில இருந்து நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம்,
காத்துக் காலம் எண்டால் இன்னும் கூட.
மிருக வைத்தியர் கந்தோரில உதவியாளர் வேலை எனக்கு.
படகில வாசிச்சால் சத்தி வரும் எண்டுவினம்.
எனக்கு வாசிக்காட்டித்தான் வரும்.
மாசிக்குப் பிறகு எட்டு நாவல் முடிச்சிட்டன்,
சரித்திர நாவலை மூண்டாய்க் கணக்குப் பாத்தால்.
ஒண்டு முடிக்கேல்லை.

சரித்திர நாவலில ராசகுமாரன்
மூண்டு இரவு மூண்டு பகல் ஒரே குதிரையில போறான்.
ஆறு கடக்கிறான், காடு கடக்கிறான்,
நடுவில ரெண்டு பேரைக் காதலிக்கிறான்.
குதிரைக்கு ஒருத்தரும் தண்ணி வைக்கேல்லை.
கோடையில நெடுந்தீவுக் குதிரையள்
காஞ்ச துரவைச் சுத்தி நிக்கிறதைப் பாத்தால்
எழுதினவரை நீங்களும் மன்னிக்கமாட்டியள்.
எண்டாலும் மூண்டாம் பாகம் மட்டும் விடாமல் வாசிச்சன்,
குதிரை செத்துதோ எண்டு அறிய.
சாகேல்லை.
முடிசூட்டு விழாவுக்கும் வந்து கனைச்சுக்கொண்டு நிண்டுது.

துப்பறியும் நாவலில கடைசிப் பதினாறு பக்கம் இல்லை.
தந்த அனற்றா மிஸ்ஸுக்கு முடிவு மறந்துபோச்சாம்.
படகோட்டி தயாளசீலனுக்குத் தெரியும்.
கேட்டால் சிரிச்சுக்கொண்டு கடலைப் பாப்பான்.
பல் வைத்தியர்தான் கொலைகாரன் எண்டு
நானே தீர்ப்பெழுதிப்போட்டன்.
ஆள் அளவுக்கு மிஞ்சி நல்லவர்,
அதுதான்.

மொழிபெயர்ப்பு ஒண்டு, செங்கல்லுப் பாரம்.
ஒரு ஆளுக்கு நாலு பெயர்.
ஆட்டுத் தடுப்பூசி அட்டையின்ரை பின்பக்கத்தில
எல்லாரையும் எழுதிவைச்சன்.
டொக்டர் எடுத்துப் பாத்திட்டு
இதெல்லாம் ஆரின்ரை ஆடுகள் எண்டார்.

காதல் நாவல்:
ரெண்டு ரெலிபோன் கோலில முடியிற விசயம்.
முந்நூற்றுப் பத்துப் பக்கம் மழையில நனையினம்.
ரெண்டுதரம் வாசிச்சன்.
ஏனெண்டு கேளாதேங்கோ.

பேய்க்கதைக்கு எங்கடை வெய்யில் ஒத்துவராது.
சுத்திவரக் கடல், காலடியில கோழிக்கூடு,
காஸ் சிலிண்டர், ஆரோ ஒருத்தற்றை புது மெத்தை.
இதுக்குள்ள ஒரு பேய் வந்து நிண்டால்
கொஞ்சம் தள்ளி இரும் எண்டுதான் சொல்ல வரும்.

செவ்வாய்க்கிரகத்துக் கதைதான்
உள்ளதுக்குள்ள நம்பக்கூடியது.
குடும்ப அட்டை. தண்ணிக்கு வரிசை.
பூமியில இருந்து வரவேண்டிய கப்பல்
காலநிலை சரியில்லையாம், நாளைக்காம்.
எழுதினவர் எந்தத் தீவெண்டு விசாரிக்கவேணும்.

முடிக்காதது எங்கடை சண்டையைப் பற்றினது.
எழுதினவர் வெளியில கனகாலம்.
பிழை பிடிக்கத்தான் பென்சிலோடை இருந்தன்.
கொடிகாமம் போற பஸ் பண்ணைப் பாலத்தில ஏறுது.
வட்டம் போட்டன்.
தையில பனங்காய் விழுது.
வட்டம் போட்டன்.
நூற்றிப் பன்னிரண்டாம் பக்கம்
இரவு, கிளாலிக் கரை,
வள்ளத்துக்குள்ள ஒரு தாய் பிள்ளையளை எண்ணுறாள்.
நாலு.
திரும்பவும் எண்ணுறாள், நாலு.
விரல் மட்டும்
அஞ்சாவதுக்கும் நீளுது.

பென்சில் கையிலதான் கிடந்தது.

நிமிர்ந்து பாத்தால் படகு இன்னும் வெளிக்கிடேல்லை.
கயிறு அவிழ்க்கமுதல் தயாளசீலன்
எங்களை விரலால எண்ணிக்கொண்டு நிக்கிறான்.
ஒவ்வொரு காலமையும் எண்ணுறவன்தான்.
ரெண்டுதரம் எண்ணுறவன் எண்டு
அண்டைக்குத்தான் கண்டன்.

புத்தகத்தை இன்னும் திருப்பிக் குடுக்கேல்லை.
அந்தப் பக்கத்தில ஆட்டு அட்டையை வைச்சு
பைக்குள்ள கொண்டு திரியிறன்,
போகேக்கையும் வரேக்கையும்.
ஓரமெல்லாம் உப்புப் பட்டுச் சுருண்டுபோச்சு.
அனற்றா மிஸ் கேட்டவ, எப்பிடி இருக்கு எண்டு.
பஸ் பிழையான பக்கம் போகுது எண்டு சொன்னன்.